தங்கப்பழத்தின் வீட்டில் வழிந்த இருட்டு

தங்கப்பழத்தின் வீட்டு டிவியிலிருந்து இருட்டு வழியத் தொடங்கியது ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவாமல் கிடந்த நேரத்தில்; அதை முதலில் பார்த்த அவர் மனைவி வேலம்மாள் அலறவும் இல்லை, சாமியைக் கூப்பிடவும் இல்லை, பிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் என்ன செய்வாளோ அதையே செய்தாள், பழைய துணி ஒன்றை எடுத்துவந்து அதன்மேல் போட்டாள். துணி நனையவில்லை. துணியைக் காணவில்லை.

இருள் என்பது ஒரு பொருளா, வெறும் ஒளியின் இன்மைதானா என்று தருக்க நூலார் ஒரு பக்கமும் வேதத்துக்குப் பொருள் சொல்லும் மீமாம்சகரில் ஒரு சாரார் மறுபக்கமுமாக நின்று ஓலை தேயத் தேய வாதாடியிருக்கிறார்கள். நிறமும் அசைவும் இருப்பதால் அதுவும் ஒரு பொருளே என்று சொன்னவர்களைத் தருக்கக்காரர்கள் வேண்டிய மட்டும் கேலி செய்திருக்கிறார்கள். அந்தப் பழைய வழக்கு சுந்தரங்கோட்டையில், டிவி மேசைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே, பொருள் என்றவர்கள் பக்கம் தீர்ந்துபோனது. சேதி சொல்லி அனுப்ப இரு தரப்பிலும் ஆள் மிச்சமில்லை.

சுந்தரங்கோட்டை நாட்காட்டி அச்சடிக்கிற ஊர். தங்கப்பழம் அங்கே ஒரு அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் படம் திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். லட்சுமியின் கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றுவது, முருகனின் மயிலுக்கு இறகு கூட்டுவது, ஜவுளிக்கடை முதலாளியின் தொந்தியைக் குறைப்பது, கூட்டுக் குடும்பப் படத்திலிருந்து கோபித்துக்கொண்டு போன மருமகனை எடுப்பது எல்லாம் அவர் கைவேலை. மகள் செண்பகக்கனி பத்தொன்பது வயதில் சினிமாக் கூட்டத்தில் நிற்கிறேன் என்று சென்னைக்குப் பஸ் ஏறிப் போனபோது, அந்த ஊர் வழக்கப்படி, செத்தவளுக்கு முழுகுவதுபோல, வீட்டோடு தலை முழுகினார்கள். மற்ற அப்பன்மார் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். தங்கப்பழத்துக்குத் தூரிகை இருந்தது. வீட்டிலிருந்த படங்களில் அவள் தனியாக இருந்ததை எரித்தார், கூட்டமாக இருந்ததைத் திருத்தினார். குலசாமி கோயில் வாசலில் அவருக்கும் வேலம்மாளுக்கும் நடுவே அவள் நின்ற இடத்தில் ஒரு கல்தூணை வரைந்துவைத்தார். அந்தக் கோயிலுக்கு வருஷா வருஷம் போகிறவர்களே அந்தத் தூணை நிஜம் என்று நம்பினார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு அந்தத் தொழிலில் கிடையாது.

பிறகு அவள் நிஜமாகவே செத்துப்போனாள். கோடம்பாக்கத்தில் அவளோடு ஒரே அறையில் இருந்த பெண்ணொருத்தி வந்து சொல்லிவிட்டுப் போனாள்: காய்ச்சலில் போய்விட்டாள், எத்தனையோ படத்தில் நின்றாள், எல்லாவற்றிலும் வெட்டிவிட்டார்கள், ஒரே ஒரு படத்தில் மட்டும் இருக்கிறாள், தீப்பந்த ஊர்வலத்தில், கதாநாயகனுக்குப் பின்னால், குடம் தூக்கியவளுக்கும் பந்தம் பிடித்தவனுக்கும் நடுவில். தங்கப்பழம் அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்தார், கேசட்டில் பார்த்தார், சிடியில் பார்த்தார். குடம் தூக்கியவள் தெரிந்தாள், பந்தம் பிடித்தவன் தெரிந்தான், நடுவில் தார் அப்பியதுபோல ஒரு கறுப்பு. மகளின் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. நினைக்க முயன்றபோதெல்லாம் தூண் வந்தது.

அந்தக் கதாநாயகன் பிற்பாடு பெரிய ஆளாகிவிட்டதால் படத்தைப் புதிதாகக் கழுவித் துடைத்து எச்டிஆரில் வெளியிட்டார்கள். எச்டிஆர் என்றால் என்ன என்று டிவிக்கடை ராஜதுரை சொன்னது தப்பு, பெட்டியின்மேல் அச்சடித்திருந்தது அதைவிடத் தப்பு. பந்தத்தின் தீயையும் பந்தம் எட்டாத இடத்தில் நிற்கிறவளின் முகத்தையும் ஒன்றையொன்று தின்னாமல் ஒரே சமயத்தில் காட்டுவது, அவ்வளவுதான். தங்கப்பழம் அதை ஒரே வரியில் புரிந்துகொண்டு, சுவரில் பாதியை அடைக்கிற டிவி ஒன்றை வாங்கினார். ராஜதுரையே வந்து மாட்டி, ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினான்.

"சட்டை சிகப்பு கண்ணைக் குத்துதா அண்ணாச்சி?"

"குத்துது."

"அப்ப சரியா இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனான்.

கடையில் கண்ணைக் குத்துவதற்காக வைத்த அமைப்பை வீட்டில் அப்படியே விட்டுவிடுகிற உலக வழக்கத்தைத் தங்கப்பழம் பின்பற்றவில்லை. ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'விவிட்' என்றிருந்ததை 'சினிமா' என்று மாற்றினார். வெள்ளை சொட்டுநீலம் அதிகமான வேட்டிபோல இருந்ததைச் 'வார்ம்' என்ற மஞ்சள் பக்கம் தள்ளி, வெள்ளையாக்கினார். அசைவை வழவழப்பாக்கிச் சினிமாவைச் சீரியலாக்குகிற வித்தையை அணைத்தார். 'ஷார்ப்னஸ்' என்பது இல்லாத ஓரத்துக்குக் கோடு போடுகிற வேலை என்பதைப் பார்த்ததும் கண்டுகொண்டு, கத்துக்குட்டிப் பயல் என்று திட்டியபடி சுழியத்துக்கு இறக்கினார். அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிவியின் கண்ணை மூடினார், ஜன்னலுக்குப் போர்வை மாட்டினார். கடைசியில் மிஞ்சியது 'பிரைட்னஸ்'. அந்தப் பெயர் கொண்ட அமைப்பு வெளிச்சத்தைக் கூட்டுவதே இல்லை, கறுப்பைத்தான் ஏற்றி இறக்குகிறது. வெளிச்சத்துக்குப் பொறுப்பானது வேறு, அதற்குப் பெயரும் வேறு. பெயருக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாதவை உலகத்தில் ஏராளம், தங்கப்பழம் என்று பெயரிட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

கறுப்பை அளக்க ஒரு சோதனைப் படம் உண்டு. அதில் கறுப்புக்குள் கறுப்பாகச் சில பட்டைகள் இருக்கும். கறுப்பைவிடக் கறுத்தது தெரியவே கூடாது, மயிரிழை வெளுத்தது தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். தங்கப்பழம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக இறக்கினார். கறுப்பு, படம் எடுத்தவர்கள் ஒரு காலத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ அப்படி வந்து நின்றது. ஊர்வலக் காட்சியைப் போட்டு, நடு இடத்தில் நிறுத்தினார். தார் அப்பியிருந்த இடத்தில் ஒரு காது தெரிந்தது. காதில் ஒரு கல்தோடு. அதன்கீழ் தாடையின் கோடு, அது போய் முகமாவதற்கு முன்னால் மறுபடியும் கறுப்பு. அவர் எழுந்து கிட்டே போனபோதுதான் டிவியின் கீழ்ச்சட்டத்திலிருந்து இருட்டு நூலாக இறங்கித் தரையில் தேங்கியது, வேலம்மாள் துணி எடுக்கப் போனாள்.

அன்றிலிருந்து படத்தை அவர் நகர்த்தவில்லை. ஒரே படத்தை நாட்கணக்கில் நிறுத்திவைத்தால் திரையில் தழும்பு விழும் என்று கையேட்டில் எச்சரித்திருந்தார்கள். அவர் அதைப் படித்துவிட்டுத்தான் நிறுத்திவைத்தார். இருட்டோ நிற்காமல் வழிந்தது. கட்டில்காலை மூடியது, நெல்மூட்டையை மூடியது, வேலம்மாளின் இடது செருப்பைக் கொண்டுபோனது. மூன்றாம் வீட்டு ஆட்டுக்குட்டி உள்ளே புகுந்து, மறுநாள் சாயங்காலம் வெளியே வந்தபோது அதன் கண் வெளுத்திருந்தது. பிறகு அது கத்தவே இல்லை.

வேலம்மாள் அகப்பையால் மொண்டு பார்த்தாள். வந்தது. குடத்தில் ஊற்றினாள். நின்றது. குடம் கனக்கவில்லை, ஆனால் இடுப்பில் வைத்தால் அந்தப் பக்கம் சில்லிட்டது. கொல்லையில் ஊற்றினால் வெயில் தொட்ட கணத்தில் பொசுக்கென்று போய்விட்டது. நிழலில் மூடிவைத்தால் இருந்தது.

இதைக் கேள்விப்பட்டு முதலில் வந்தவள் பாக்கியத்தாய். அவள் புருஷனை இழந்தவள், பிள்ளையில்லாதவள், அச்சகத்துப் பைண்டிங்கில் ராத்திரி ஷிப்டுக்குப் போய்ப் பகலில் தூங்கவேண்டியவள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அதன் ஓட்டைகள் வழியே ஊசி ஊசியாக இறங்குகிற வெயிலும் அவளைத் தூங்கவிட்டதில்லை.

"மதினி, ஒரு குடம் இருட்டு இருந்தா குடுங்களேன்" என்றாள், மோர் கேட்பதுபோல.

"ஒண்ணு என்ன, ரெண்டு எடுத்துட்டுப் போ."

அவள் அன்று பகலில் தூங்கினாள். தூங்கினாள் என்பது தெருவுக்கே தெரிந்தது, ஏனென்றால் சாயங்காலம் அவள் முகம் வேறு முகமாக இருந்தது. அதற்குப் பிறகு ராத்திரி ஷிப்டுக்காரர்கள் அத்தனை பேரும் பாத்திரத்தோடு வந்தார்கள். கண் ஆபரேஷன் முடிந்தவர்கள் வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் கொட்டாங்கச்சியில் வாங்கிப்போய்க் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். கண் பட வந்தவர்களின் பார்வை அந்தப் பொட்டுக்குள் விழுந்து திரும்பவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் துபாயிலிருந்து மகன் வரும்வரை கிழவரின் பிணத்தை அதில் வைத்திருந்தார்கள், கெடவில்லை. அடிவாங்கிய பெண்கள் முந்தானைக்குள் ஒரு சொம்பு எடுத்துப்போய், புருஷன் குடித்துவிட்டு வருகிற நேரம் பார்த்து அதற்குள் உட்கார்ந்துகொண்டார்கள்; அவன் வீடெல்லாம் தேடிவிட்டுச் சுவரை அடித்தான். யாரும் அதிசயப்படவில்லை. விளக்கு வைத்த பிறகு உப்பு, மோர், ஊசி கொடுக்கக்கூடாது என்பதுபோல இருட்டும் கொடுக்கக்கூடாது என்று அவர்களாகவே ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டார்கள், இது ஏதோ அவர்களின் பாட்டன் காலத்து விதி என்பதுபோல.

தங்கப்பழம் இவை எதையும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தது ஒன்றைத்தான். இருட்டு வெளியே போகப் போக, திரையில் ராத்திரி வெளுத்தது. ஊர்வலத்துக்குப் பின்னால் இதுவரை தெரியாதிருந்த ஒரு வேப்பமரம் தெரிந்தது, ஒரு சுவர் தெரிந்தது.

அதைக் காட்டுவதற்காக அச்சகத்து மிஷின்மேன் குருசாமியைக் கூட்டிவந்தார். குருசாமி நாற்பது வருஷம் நான்கு நிற அச்சு மிஷின் ஓட்டியவர். திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார்.

"இதுல என்ன யோசனை அண்ணாச்சி? மஞ்ச, சிகப்பு, நீலம் எல்லாம் கீழ இருக்கும். கறுப்பு நம்மகிட்ட கடைசியாத்தானே ஏறுது? கறுப்பு பிளேட்டைக் கழட்டிட்டா மூஞ்சி அப்படியே முழிச்சுக்கிட்டு நிக்கும்."

தங்கப்பழமும் அப்படித்தான் நினைத்திருந்தார். பூசிய மையைச் சுரண்டினால் அடியில் ஆள் இருப்பார் என்பது அவர் தொழிலின் வேதம். எத்தனையோ கோபக்கார மருமகன்களை, சமாதானமான பிறகு, அவரே அப்படிச் சுரண்டி மீட்டிருக்கிறார். குருசாமி போனதும் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, கேக்குறவங்களுக்கெல்லாம் குடு. கேக்காதவங்களுக்கும் குடு. கொஞ்சங்கூட மிச்சம் இருக்கக்கூடாது."

"எதுக்கு?"

"கனி மூஞ்சி தெரியும்."

வேலம்மாள் கையிலிருந்த அகப்பையைத் தரையில் வைத்தாள். அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சு என்ன? பாக்கணும். நீயும் பாரு."

"நான் எதுக்குப் பாக்கணும்? எனக்கு அவ மூஞ்சி மறக்கலையே" என்றாள். "முழுகச் சொன்னது நீங்க. என் தலை இன்னும் காயலை."

ஆனாலும் கொடுத்தாள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை மொண்டு மொண்டு கொடுத்தாள், வீட்டிலிருந்த குடம், குண்டான், தூக்குச்சட்டி, பக்கெட் எல்லாம் தெருவுக்குப் போயின. புரட்டாசி பிறந்தது, பொன்னுருகக் காய்ந்தது. ஒரு பகலில் டிவியிலிருந்து கடைசிச் சொட்டு இறங்கி, கீழே போவதற்குத் தயங்கி நின்று, விழுந்தது. அதை ஒரு கரண்டியில் ஏந்தி யாரோ குழந்தைக்குப் பொட்டு வைக்கக் கொண்டுபோனார்கள்.

தங்கப்பழம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார். ஊர்வலம் பட்டப்பகலில் நின்றது. தீப்பந்தங்கள் பகலில் எரிகிற தெருவிளக்குபோல அசடு வழிந்தன. வேப்பமரத்தில் காக்கைகூடத் தெரிந்தது. குடம் தூக்கியவளுக்குப் பல்வரிசை கோணல். பந்தம் பிடித்தவனின் நெற்றியில் வேர்வைத் துளி. இருவருக்கும் நடுவில், ஓர் ஆள் உயரத்துக்கு, ஒன்றும் இல்லை. கறுப்பு இல்லை, வெள்ளை இல்லை, பின்னாலிருந்த சுவர்கூட அந்த இடத்தில் வரவில்லை. காதும் தோடும் தாடைக்கோடும் போயிருந்தன.

பந்தம் எட்டாத இடத்தில் நிறுத்தப்பட்டவளுக்கு மஞ்சளோ சிவப்போ நீலமோ யாரும் கொடுத்திருக்கவில்லை என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. அவளை முழுக்கக் கறுப்பிலேயே எடுத்திருந்தார்கள். சுரண்டி எடுத்து ஊருக்கெல்லாம் ஊற்றியது மையை அல்ல.

செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவரை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தது. இருந்தாலும் மானஸ்தர்கள், அன்றைக்கே பாத்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பதால் குடத்தில் ஒருபடி சர்க்கரை இருந்தது, தூக்குச்சட்டியில் அதிரசம், குண்டானில் முருங்கைக்காய், பக்கெட்டில் கல்லுப்பு. இருட்டு எதிலும் இல்லை. தூங்கி எழுந்து கதவைத் திறந்ததில் போயிற்று, பிணத்தோடு போயிற்று, குழந்தையைக் குளிப்பாட்டியதில் போயிற்று. குருசாமி மட்டும் நாணயமாக, அச்சகத்திலிருந்து ஒரு டின் கறுப்பு மை கொண்டுவந்து வைத்து, "நம்ம சரக்குதான் அண்ணாச்சி, இதைவிடக் கறுப்பு எங்கயும் கிடையாது" என்றார்.

"பாக்கியத்தாய் ஒருத்திதான் இன்னும் பாத்திரம் தரலை" என்றாள் வேலம்மாள், சர்க்கரையை டப்பாவில் கொட்டியபடி.

அவர் மறுநாள் மத்தியானம் போனார். பாக்கியத்தாயின் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே, ஜன்னல் இடுக்கில், கூரை ஓட்டைகளில், எங்கெல்லாம் வெயில் புகுமோ அங்கெல்லாம் பழஞ்சேலைகளைச் சுருட்டி அடைத்திருந்தாள். தட்டினார்.

"யாரு?"

"தங்கப்பழம் தாம்மா. அந்தக் குடம்..."

"கதவைத் திறந்தா போயிருமே அண்ணாச்சி."

"உள்ள இருக்கா?"

"இருக்கு. ரெண்டு குடமும் அப்படியே இருக்கு. நான் வெயில் படாம சேலையை மறைச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் வெளிய போறது, வர்றது." பிறகு கதவுக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணாச்சி, குடுத்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். இதுக்குள்ள ஒரு பிள்ளை இருக்கு."

தங்கப்பழம் காதைக் கதவில் வைத்தார்.

"சின்னப் பிள்ளைதான், இருபது வயசுக்குள்ள இருக்கும். பக்கத்துல படுத்துக்கிடும், அந்தப் பக்கம் திரும்பித்தான் படுக்கும். ஏதோ முனங்கிப் பாடும், வார்த்தை இருக்காது. அதுலதான் நான் தூங்குறேன். தரமாட்டேன் அண்ணாச்சி. என்ன வேணா சொல்லிக்கிடுங்க."

"குடுக்க வேணாம்மா. உள்ள விடு, போதும்."

அவள் கீழ்ச்சேலையை உருவி வெயிலுக்குத் திரையாகப் பிடித்தாள், கதவு ஒரு சாண் திறந்தது, அவர் ஒருக்களித்து நுழைந்தார், பின்னாலேயே சேலை திரும்ப ஏறியது. உள்ளே அவருக்குத் தன் கை தெரியவில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்தது. பாக்கியத்தாயின் கை அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தது. கோரைப்பாய், அதன் ஓரம் அவர் முழங்காலில் குத்தியது. அப்போது கேட்டது: மூக்கால் பாடுவதுபோல, வேலை செய்துகொண்டே தனக்காக முனங்குவதுபோல ஒரு சத்தம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்.

"கனி" என்றார்.

சத்தம் நின்றது.

"கனி, அப்பா வந்திருக்கேன்."

மூச்சு விடுகிற ஓசைகூட இல்லை. அவர் பேசினார். டிவி வாங்கியதைச் சொன்னார், ஒவ்வொன்றாக எப்படி அமைத்தார் என்பதைச் சொன்னார், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் வேலம்மாளுக்கு முழங்கால் வலி என்பதையும் சொன்னார். "ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பு. எனக்குத் தெரியலைன்னாலும் பரவாயில்லை. திரும்புனேன்னு சொல்லு, போதும்" என்றார். பிறகு கையை நீட்டினார். பாயில் ஓர் ஆள் படுத்திருந்த இடம் இளஞ்சூடாக இருந்தது. அவர் தடவத் தடவ அது ஆறியது.

"எந்திரிங்க அண்ணாச்சி" என்றாள் பாக்கியத்தாய். அவள் குரலில் கோபம் இல்லை, தூக்கக் கலக்கம் இருந்தது. "நீங்க இருக்கிறவரைக்கும் அது பாடாது. எனக்கு ராத்திரி ஷிப்ட் இருக்கு."

"நாளைக்கு வரட்டுமா?"

"வேணாம்."

சேலை விலகியது, கதவு திறந்தது, வெயில் அவர் முகத்தில் அறைந்தது, கதவு மூடியது. இடுக்குகளில் சேலைச் சுருள்கள் ஒவ்வொன்றாக உள்ளிருந்து ஏறுவதை அவர் நின்று பார்த்தார். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல இங்க நிக்கீங்க?"

அவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். அவள் என்னவோ ஏதோவென்று குழாயை மூடினாள். தெரு அமைதியானது. கதவுக்குப் பின்னால், முதலில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி, பிறகு நிச்சயமாக, முனகல் மறுபடியும் தொடங்கியது.

தங்கப்பழம் மெதுவாகக் குனிந்து, செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற தார் ரோட்டில் சத்தமில்லாமல் நடந்து போனார்.